காகுமாவில் தையல் மெஷினுக்கு முன்னால் வரவேண்டியவை

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து கொஞ்சம் பணம் திரட்டியிருக்கிறீர்கள். கென்யாவின் வடமேற்கில் உள்ள காகுமா அகதி முகாமுக்கு அதை அனுப்ப நினைக்கிறீர்கள். ஒருவேளைச் சாப்பாட்டோடு முடிந்துபோகாமல், அங்குள்ளவர்கள் சொந்தக் காலில் நிற்க உதவ வேண்டும் என்பது ஆசை. தையல் பயிற்சி மையமா, சொட்டுநீர்த் தோட்டமா என்பதில் உங்களுக்குள் இரண்டு கருத்து. மழையே இல்லாத இடத்தில் எது நிலைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் முதல் வேலையாக எடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். அங்கே தொழில் தெரியாத மக்கள் இல்லை, உழைக்கத் தயங்குகிறவர்களும் இல்லை. வாங்குகிறவன் கையில் காசு, தண்ணீர், வெளியே போய்வர அனுமதி, நியாயமான வட்டிக்கு முதல் ஆகிய நான்கும்தான் அங்கே குறைகின்றன. பயிற்சி இவற்றுக்கெல்லாம் பிறகுதான் வரும். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் இடம். காகுமா இருப்பது துர்கானா மாவட்டத்தில். ஆண்டு மழை 200 மில்லிமீட்டர் அளவுதான். நாம் வறட்சி மாவட்டம் என்று சொல்லும் ராமநாதபுரத்திலேயே 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. பகல் வெயில் பல மாதங்கள் 35 டிகிரிக்கு மேல், அடிக்கடி 40-ஐத் தொடும். 1992-ல் இந்த முகாம் தொடங்கியது. சூடான் போரிலிருந்து தப்பி எத்தியோப்பியாவில் தஞ்சம் புகுந்திருந்த ஆயிரக்கணக்கான சிறுவர்கள், 1991-ல் அங்கே மெங்கிஸ்டு ஆட்சி கவிழ்ந்ததும் மறுபடி விரட்டப்பட்டார்கள். நடந்தே கென்ய எல்லைக்கு வந்த அவர்களுக்காகப் போட்ட முகாம் இது. இன்று தென் சூடான், சோமாலியா, காங்கோ, புருண்டி, எத்தியோப்பியா என்று பல நாட்டவர் இருக்கிறார்கள். பக்கத்தில் 2016-ல் திறந்த கலோபெயி குடியிருப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 3 லட்சம் பேர். 2019 கணக்கெடுப்பில் துர்கானா மாவட்டம் முழுவதற்கும் 9.27 லட்சம் பேர்தான். வறண்ட நிலத்தின் நடுவே திடீரென்று முளைத்த ஒரு பெரிய நகரம் என்றே இதைப் பார்க்க வேண்டும்.

அந்த நகரத்தில் வியாபாரமும் நடக்கிறது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, காகுமா முகாமும் ஊரும் சேர்ந்த சந்தையின் ஆண்டு மதிப்பை 5.6 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. முகாமுக்குள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள். மளிகை, சலூன், செல்போன் ரிப்பேர், இட்லி மாதிரி புளித்த மாவில் சுடும் எத்தியோப்பிய இஞ்சேரா விற்கும் ஓட்டல், சோமாலியர்களின் துணிக்கடை, மொத்த வியாபாரிகள் என்று எல்லாம் உண்டு. காய்கறி தெற்கே கிட்டாலே பக்கமிருந்து லாரியில் வரும். மீன் துர்கானா ஏரியிலிருந்து வரும். இதையெல்லாம் யாரும் பயிற்சி மையம் வைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை.

இந்தச் சந்தைக்குள் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்துப் பார்க்க வேண்டியது. வெளிநாட்டில் குடியேறிய உறவினர் அனுப்புவது ஒரு பங்கு. தொண்டு நிறுவனங்களில் வேலை செய்யும் அகதிகள் வாங்கும் ஊக்கத்தொகை இன்னொரு பங்கு. அதே வேலைக்குக் கென்யர் வாங்கும் சம்பளத்தை விட இது மிகக் குறைவு. எல்லாக் குடும்பத்துக்கும் போய்ச் சேர்வது உணவு உதவிதான். 2015 முதல் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் ரேஷனில் ஒரு பகுதியை, பம்பா சக்குலா என்ற பெயரில், சஃபாரிகாம் என்ற கென்ய செல்போன் நிறுவனத்தின் சிம் வழியாக மின்பணமாகக் கொடுக்கத் தொடங்கியது. பதிவு செய்த கடைகளில் மட்டும், உணவு மட்டும் வாங்கலாம். கலோபெயியில் பின்னர் எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும் ரொக்கமாகவே அது மாறியது.

அப்படியானால் அந்த மளிகைக்கடை, அதற்கு மாவு அரைத்துக் கொடுக்கும் மில், மூட்டை தூக்கும் இளைஞன், அவன் முடிவெட்டிக்கொள்ளும் சலூன் எல்லாமே அந்த உணவுப் பணத்தில் நிற்கின்றன. சாப்பாடு கொடுத்தால் சோம்பேறி ஆவார்கள், அதை நிறுத்தினால் தொழில் செய்வார்கள் என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. 2025-ல் அது கண்ணெதிரே நடந்தது. நன்கொடை நாடுகள் கையை இறுக்கியதும் ரேஷன், முழுப் பங்கில் 28 சதவீதமாக இறங்கியது. ரொக்கமும் தடைப்பட்டது. ஆகஸ்ட் முதல் குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள், நான்காவது வகைக்கு உணவு உதவி கிடையாது. தங்களால் சமாளிக்க முடியும் என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் பலர், இந்தச் சந்தையை நம்பிப் பிழைத்த சிறு வியாபாரிகள். மற்றவர்கள் கையில் காசில்லாமல் போனபோது அவர்கள் கடையும்தான் காய்ந்தது. மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அது நியாயமான கோபம் என்றே நான் நினைக்கிறேன். 'தற்சார்பு' என்ற நல்ல சொல்லை உணவை வெட்டுவதற்குச் சாக்காகப் பயன்படுத்துவதை நம்மைப் போன்றவர்கள் ஒத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது கடன். முகாம் மளிகைக்கடையில் ஒரு நோட்டு இருக்கும். பெயர், ரேஷன் அட்டை எண், எடுத்த சாமான், தொகை. மாதப் பணம் முதல் பத்துப் பதினைந்து நாளிலேயே தீர்ந்துவிடும். மீதி நாளுக்குச் சோளமாவும் பயறும் எண்ணெயும் இந்த நோட்டில்தான் வரும். அடுத்த மாதம் பணம் ஏறியதும் கடைக்காரர் கழித்துக்கொள்வார். அவருக்கும் பயம் உண்டு. வேறு கடைக்குப் போய்விட்டால் என்ன செய்வது? அதனால் உதவிப்பணம் ஏறும் சிம்மையோ ஏ.டி.எம். அட்டையையோ அடமானமாக வாங்கி வைத்துக்கொள்வார். கலோபெயியில் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். பெரும்பாலான குடும்பங்கள் கடைக்காரருக்குக் கடன்பட்டிருந்தன. கடன்பட்டவர் விலை குறைவான கடைக்குப் போக முடியாது, பேரம் பேச முடியாது. கையில் காசு வேண்டுமானால், கடனுக்கு எடுத்த உணவையே குறைந்த விலைக்கு வெளியில் விற்க வேண்டும். விறகு, செருப்பு, பிள்ளையின் பள்ளி நோட்டு எல்லாம் அப்படித்தான் வாங்கப்படுகின்றன.

இதற்காகக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவர் இல்லாவிட்டால் மாதக் கடைசியில் பல வீட்டில் அடுப்பு எரியாது. அவரும் மொத்த வியாபாரியிடம் கடனில்தான் சரக்கு எடுக்கிறார். இந்தச் சங்கிலியை எங்கே தளர்த்தலாம் என்றுதான் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்வது சேமிப்புக் குழு. பதினைந்து இருபது பெண்கள் வாரம் ஒரு சிறு தொகை போட்டு, அதிலிருந்தே சுழற்சியாகக் கடன் எடுப்பார்கள். நம் ஊர் மகளிர் குழு, சீட்டு எல்லாம் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சோமாலியப் பெண்களிடம் அயூத்தோ என்ற சீட்டு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அப்படி இருக்கும் குழுவுக்கு வெளியிலிருந்து கொஞ்சம் முதல் சேர்த்துக் கொடுத்தால், முதலில் அவர்கள் செய்வது கடைக் கடனை அடைத்து அந்த அட்டையை மீட்பது. அதற்கு அடுத்த மாதமே அந்த வீட்டுக்காரி எந்தக் கடையில் வாங்குவது என்று தானே முடிவு செய்கிறாள். திட்ட அறிக்கையில் எழுதினால் சாதாரணமாகத் தெரியும். அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய விடுதலை.

அனுமதி விஷயத்தில் உங்கள் பணம் நேரடியாகச் செய்யக்கூடியது குறைவு, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். கென்யாவில் அகதி முகாமை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வேலை அனுமதி சட்டத்தில் உண்டு, கைக்கு வருவது அபூர்வம். கிட்டாலேவுக்குப் போய் மொத்த விலையில் வெங்காயம் வாங்க நினைக்கும் வியாபாரி, சீட்டுக்காக நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இடைத்தரகருக்கு லாபம் கொடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் விலையைக் கடைசியில் கொடுப்பது ரேஷன் பணத்தில் வாங்கும் ஏழை. 2021-ல் வந்த அகதிகள் சட்டமும், 2025 மார்ச்சில் அதிபர் ரூட்டோ தொடங்கி வைத்த ஷிரிகா திட்டமும், முகாம்களை உள்ளூரோடு சேர்ந்த குடியிருப்புகளாக மாற்றுவதாகச் சொல்கின்றன. எழுத்தில் இருப்பது நல்ல திசைதான். போலீஸ் சோதனைச் சாவடியில் அது எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் நான் மதிப்பிடுவேன். ஜோர்டானில் 2016-ல் சிரிய அகதிகளுக்குச் சில துறைகளில் வேலை அனுமதி திறந்துவிட்டபோது, ஸாதாரி முகாமிலிருந்து வெளியே வேலைக்குப் போய்வர முடிந்தது. அது முகாமுக்குள் நடத்தும் எந்தப் பயிற்சியாலும் கிடைக்காத பலன். உங்கள் குழுவால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. அடையாள அட்டை புதுப்பிப்பு, வியாபார உரிமம், வரி எண் போன்ற தாள் வேலைகளுக்கு மக்களுக்கு உதவும் உள்ளூர் சட்ட உதவிக் குழுக்களுக்குக் கொடுக்கலாம். அடையாள அட்டை காலாவதியானால் சிம்கூடச் சிக்கலாகும், பணமும் நின்றுபோகும்.

இனி தோட்டம். உங்கள் குழுவில் பாதிப்பேருக்கு இதில்தான் ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

அந்த வெயிலிலும் காற்றிலும் ஒரு நாளைக்கு ஆறேழு மில்லிமீட்டர் நீர் ஆவியாகப் போகும். ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். ஆகவே ஒரு சதுர மீட்டர் கீரைக்கு நாளொன்றுக்கு ஆறேழு லிட்டர் வேண்டும். முகாமில் தலைக்கு 20 லிட்டர் கொடுப்பது குறிக்கோள், எல்லா நாளும் அது கிடைப்பதில்லை. ஆறு பேர் குடும்பத்துக்கு 120 லிட்டர் வந்ததாகவே வைத்துக்கொள்வோம். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்கப் போக, மறுபடி பிடித்து ஊற்றக்கூடிய கழுவுநீர் 25, 30 லிட்டர் தேறும். அப்படியானால் நாலைந்து சதுர மீட்டர் பாத்திதான் சாத்தியம். ஏக்கர் கணக்கில் கனவு காண இடமில்லை.

அந்த நாலு சதுர மீட்டரை எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். மேட்டுப்பாத்தி அங்கே உதவாது, காற்று எல்லாப் பக்கமும் உலர்த்திவிடும். குழிப்பாத்திதான். ஒரு முழம் ஆழம் தோண்டி, எடுத்த மண்ணைச் சுற்றிலும் வரப்பாக அணைத்து, அடியில் ஆட்டு எருவும் மக்கிய குப்பையும் கலந்த மண்ணைத் திரும்பப் போட்டு, தரைமட்டத்துக்கு ஒரு சாண் கீழேயே நிறுத்திவிடுவார்கள். ஊற்றும் நீரும் எப்போதாவது பெய்யும் மழையும் அந்தப் பள்ளத்திலேயே தங்கும். மேலே காய்ந்த புல் மூடாக்கு. உச்சி வெயிலுக்கு நிழல்வலை, அது இல்லாவிட்டால் பழைய சாக்கை நாலு கம்பில் கட்டியது. சுற்றி முள்வேலி கட்டாயம், இல்லாவிட்டால் முதல் வாரமே வெள்ளாடு மேய்ந்துவிடும். விதைப்பது தட்டைப்பயறு, தண்டுக்கீரை, வெண்டை. தட்டைப்பயறின் இலையைக் கீரையாகப் பறித்துச் சாப்பிடுவது கிழக்கு ஆப்பிரிக்காவில் வழக்கம். மூன்று நாலு வாரத்தில் முதல் பறிப்பு வந்துவிடும், பயறு காய்க்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தானியம் கழுவிய நீரை முதலில் ஊற்ற வேண்டும். சோப்பு நீரை இலையில் படாமல், பாத்தி மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் மண்ணில் உப்பு ஏறி, அடுத்த விதைப்பு முளைக்காது. வாரத்துக்கு இரண்டு மூன்று வேளைக் கீரை இதில் கிடைக்கும். ரேஷனில் போதுமான அளவு வராத இரும்புச்சத்தும் வைட்டமினும் பிள்ளைகளுக்குச் சேரும். வருமானம் என்று எதிர்பார்க்க வேண்டாம், வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும்.

கலோபெயியை ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதையே சொல்கிறது. அந்தக் குடியிருப்பு தொடக்கத்திலிருந்தே வேறு மாதிரி திட்டமிடப்பட்டது. மாவட்ட அரசு கொடுத்த 1,500 ஹெக்டேர் நிலம், ரேஷனுக்குப் பதில் பெரும்பாலும் பணம், வீட்டுக்கு வீடு தோட்டம், உள்ளூர் மக்களுக்கும் அதே பள்ளி, அதே மருத்துவமனை. பழைய காகுமாவில் சேர்ந்தவர்களோடு ஒப்பிட்டபோது, கலோபெயிக்காரர்கள் கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்டார்கள், யாரையும் எதிர்பார்க்காமல் இருக்கிறோம் என்ற உணர்வும் கூடுதலாக இருந்தது. வேலைவாய்ப்பிலோ சொத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. பணமும் தோட்டமும் வயிற்றுக்கு உதவின, தொழிலை உண்டாக்கவில்லை. இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் எதை எதிலிருந்து எதிர்பார்க்கலாம் என்று அது தெளிவாக்குகிறது.

சொட்டுநீர்க் குழாயில் எனக்குள்ள தயக்கம், உப்புநீரில் துளைகள் அடைத்துக்கொள்வதுதான். அழுத்தத்துக்கு மேல்தொட்டி வேண்டும், உதிரிப்பாகம் நைரோபியிலிருந்து வர வேண்டும். முதல் ஆண்டு புகைப்படத்தில் அழகாக இருக்கும். மூன்றாம் ஆண்டில் குழாய் வேலியைக் கட்டப் பயன்படும். அல்ஜீரியாவின் டின்டூஃப் பாலையில், மேற்கு சஹாராவிலிருந்து போரால் வெளியேறிய சஹ்ராவி மக்கள் 1970களின் நடுவிலிருந்து முகாம்களில் இருக்கிறார்கள். அங்கே ஆட்டுத் தீவனத்துக்காக மண்ணில்லாமல் பார்லி முளைப்பயிர் வளர்க்கும் முயற்சி வெற்றி பெற்றது. இயந்திரம் பொருத்திய கன்டெய்னரில் தொடங்கியது, அங்கேயே கிடைக்கும் பொருளை வைத்து மக்கள் தாங்களே கட்டும் எளிய கொட்டகையாக மாறிய பிறகுதான் பரவியது. ஆடு பால் கொடுத்தது, குழந்தைகள் குடித்தார்கள். பழுதானால் அங்கேயே சரிசெய்ய முடிகிற பொருளை மட்டும் அனுப்புங்கள்.

தண்ணீரைப் பற்றி இன்னும் ஒன்று. 2013-ல் துர்கானாவின் லோட்டிகிப்பி சமவெளிக்கு அடியில் மாபெரும் நிலத்தடி நீர்த்தேக்கம் கண்டுபிடித்துவிட்டதாக உலகமெங்கும் செய்தி வந்தது. பிறகு ஆழ்துளை போட்டுப் பார்த்தபோது நீர் உப்பாக இருந்தது. காகுமா முகாம் இன்றும் தராச் என்ற வறண்ட ஆற்றங்கரையிலுள்ள ஆழ்குழாய்களை நம்பித்தான் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் அந்த ஆறு, மலையில் மழை பெய்தால் சில மணி நேரத்தில் வெள்ளமாக வந்து குடிசைகளை அடித்துச் செல்லும். ஆற்றுமணலில் ஊற்று தோண்டி, அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளான துர்கானாப் பெண்கள் நீர் எடுப்பதைப் பார்த்தால் வைகைக் கரைக்காரர்களுக்குப் புதிதாக இருக்காது. ஓடிப்போகும் அந்த வெள்ளத்தைத் தேக்கும் குட்டைகள்தான் அங்கே பெரிய அளவு விவசாயத்துக்கு ஒரே வழி. ஆனால் அது அரசும் பெரிய நிறுவனங்களும் செய்ய வேண்டிய வேலை.

விறகைப் பற்றி எழுதாவிட்டால் துர்கானா மக்களைப் பற்றி எழுத முடியாது. முகாமில் கொடுக்கும் விறகு மாதத்தில் சில நாளுக்கே போதும். மீதியைக் கொண்டுவருவது துர்கானாப் பெண்கள். தலையில் விறகுக்கட்டு, கரி மூட்டை. பதிலுக்கு மாவோ பயறோ காசோ வாங்கிப் போவார்கள். அகதிகளுக்கு ரேஷன் குறைந்தால் இந்தப் பெண்கள் வீட்டிலும் உலை குறையும், இதைப் பலர் கவனிப்பதில்லை. கால்நடை மேய்த்து வாழும் இவர்கள், பஞ்சத்தில் மந்தையை இழந்தால் எழுந்திருக்கப் பல ஆண்டு ஆகும். தங்கள் நிலத்தில் வந்தவர்களுக்கு மட்டும் குழாய், பள்ளி, மருந்து என்றால் மனம் கசக்காமல் இருக்குமா? அதே சமயம் முகாமால் துர்கானாவுக்கு நன்மையும் உண்டு. 2016-ல் உலக வங்கி செய்த ஆய்வு, அகதிகள் இருப்பதால் மாவட்டத்தின் மொத்த உற்பத்தி 3 சதவீதத்துக்கு மேல் கூடியிருப்பதாக மதிப்பிட்டது. அந்த நன்மை கரி விற்கும் பெண்ணுக்கும் போய்ச் சேரும்படி எந்தத் திட்டமும் அமைய வேண்டும். நீங்கள் உதவும் குழுவில் உள்ளூர்ப் பெண்களும் சேர்ந்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

அந்த விறகு பெரும்பாலும் என்ன மரம் தெரியுமா? நம்முடைய சீமைக்கருவேலம். பாலையைத் தடுக்க என்று சில பத்தாண்டுகளுக்கு முன் கொண்டுவந்து நட்டது, ஆற்றோரமெல்லாம் புதராக மண்டிவிட்டது. நாட்டு வேலமரங்களை வெட்டாமல் இதையே வெட்டிக் கரி போட்டால் நிலத்துக்கும் நல்லது, அடுப்புக்கும் நல்லது. கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இந்த மரத்தின் குணம் அத்துப்படி. எந்தப் பருமனில் வெட்டுவது, எப்படி அடுக்கி மண் பூசி, எந்தப் பக்கம் காற்று விட்டு மூட்டத்தை அவிப்பது என்ற கைப்பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. சரியாகப் போட்ட மூட்டத்தில் அதே மரத்துக்கு அதிகக் கரி கிடைக்கும். நம் ஊரிலிருந்து துர்கானாவுக்கு உண்மையாகவே கொடுக்கக்கூடிய அறிவு ஒன்று உண்டென்றால் இதுதான். உங்கள் குழுவில் யாருக்காவது அந்தப் பக்கம் தொடர்பு இருந்தால், அந்த வேலையைப் படிப்படியாக வீடியோ எடுத்து ஸ்வாஹிலியில் பேச்சு சேர்த்து அனுப்புவதற்கு அதிகச் செலவு ஆகாது. கூடவே விறகு குறைவாகத் தின்னும் மண் அடுப்பு. அதை அங்குள்ள பெண்களே செய்து விற்கிறார்கள்.

மின்சாரத்தில் நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. முன்பு டீசல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர், பல்பு எண்ணி மாத வாடகை வாங்கிக்கொண்டு அக்கம்பக்கத்துக்குக் கம்பி இழுத்துக் கொடுப்பார். விலை அதிகம், இரவில் சில மணி நேரம்தான். இப்போது சூரிய ஒளிச் சிறு மின்நிலையங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை நடத்தும் ஒகாபி கிரீன் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர், காங்கோவிலிருந்து அகதியாக வந்த வாஸ்கோ ஹமிசி. குளிர்பதனப் பெட்டி ஓடினால் மீன் கெடாது, பால் கெடாது. மாவு மில் ஓடினால் தானியத்தைப் பாதி விலைக்கு விற்க வேண்டாம். ஸாதாரியில் 2017-ல் ஜெர்மன் நிதியில் 12.9 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தபின் முகாமில் மின்சாரம் இருக்கும் நேரம் கூடியது. அது உங்கள் கைக்கு எட்டாத அளவு. மின்இணைப்பு எடுக்க முடியாத ஒரு தையல்காரருக்கோ மீன் வியாபாரிக்கோ இணைப்புக் கட்டணமும் ஒரு சிறு ஃப்ரீஸரும் வாங்கிக் கொடுப்பது எட்டும்.

தையலுக்கு வருகிறேன். நான் தையலுக்கு எதிரி இல்லை. கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க மிதும்பா என்ற பழைய துணிச் சந்தை இருக்கிறது, புதுச்சட்டை தைக்கும் கூலியை விடக் குறைந்த விலைக்கு அங்கே சட்டையே கிடைக்கும். அந்த நிலையில் ஆண்டுக்கு நூறு பேருக்குத் தைக்கக் கற்றுக்கொடுத்தால், ஏற்கெனவே மெஷின் வைத்திருக்கும் ஐம்பது பேரின் கூலிதான் இறங்கும். தையல் பிழைப்பது எங்கே என்றால், நிச்சயமான ஆர்டர் இருக்கும் இடத்தில். 2020 கொரோனா காலத்தில் காகுமாவின் அகதித் தையல்காரர்கள் ஆயிரக்கணக்கில் முகக்கவசம் தைத்துக் கொடுத்தார்கள், ஏனென்றால் வாங்குவதற்கு ஆள் இருந்தது. பள்ளிச் சீருடை, மாதவிடாய்த் துணி, மருத்துவமனைப் படுக்கை விரிப்பு, பள்ளி பெஞ்சு, சோப்பு என்று தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிலிருந்து லாரியில் கொண்டுவருவது எவ்வளவோ. அதில் ஒரு பங்கை முகாமிலேயே வாங்கினால் பணம் அங்கேயே இன்னும் இரண்டு கை சுற்றும். கலோபெயியில் வீடு கட்ட ஒப்பந்தக்காரரிடம் கொடுக்காமல் குடும்பங்களின் வங்கிக் கணக்கில் பணம் போட்டபோது, கொத்தனாரும் கல் அறுப்பவரும் தண்ணீர் சுமப்பவரும் அகதிகளிலும் உள்ளூரிலும் இருந்தே வந்தார்கள். அது பயிற்சி வகுப்பு நடத்தாமலே உண்டான வேலை. ஆகவே மெஷின் வாங்கும் முன், யார் வாங்குவார்கள், எத்தனை, என்ன விலைக்கு என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு பள்ளியிடம் சீருடை ஆர்டர் இருக்கிறதென்றால் கண்ணை மூடிக்கொண்டு மெஷின் வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் தொகையை வைத்து நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டிருந்தீர்கள். பாதிக்கு மேல், இரண்டு ஆண்டாவது தொடர்ந்து சேமித்துவரும் மூன்று நாலு பெண்கள் குழுக்களுக்குச் சுழல்நிதியாகக் கொடுப்பேன். அதில் ஒன்றாவது துர்கானாப் பெண்கள் குழு, அல்லது இருவரும் கலந்த குழு. அகதிகளே நடத்தும், கென்யாவில் பதிவு பெற்ற அமைப்புகள் காகுமாவில் பல உண்டு. அவர்களுக்குப் பெரிய நன்கொடையாளர்களின் நூறு பக்கப் படிவம் எழுத முடிவதில்லை, அதனாலேயே பணம் போவதில்லை. அவர்கள் வழியாகக் கொடுத்தால் அலுவலகச் செலவு குறையும், ஆளும் தெரியும். கணக்கு கேளுங்கள், ஆனால் அவர்களால் தர முடிகிற அளவில் கேளுங்கள். கால் பங்கை அடையாளத் தாள், உரிமம் போன்றவற்றுக்கு உதவும் குழுவுக்குக் கொடுப்பேன். மீதியில் குழிப்பாத்தி போட விரும்பும் குடும்பங்களுக்கு விதை, மண்வெட்டி, நிழல்வலை. புருண்டி, காங்கோவிலிருந்து வந்த பலர் பிறவி விவசாயிகள், அவர்கள் பாத்தியைப் பார்த்தே பக்கத்து வீட்டார் கற்றுக்கொள்வார்கள். தனியாக வகுப்பு வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் கொடுத்துவிடாதீர்கள். மூன்று ஆண்டாகப் பிரித்து, இரண்டாம் மூன்றாம் ஆண்டுத் தொகை வரும் என்பதை முதலிலேயே குழுக்களுக்குச் சொல்லிவிடுங்கள். திட்டங்கள் பாதியில் கைவிட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள், வரும் என்று தெரிந்த சிறு தொகையை நம்பித் தைரியமாக முதல் போடுவார்கள். ரேஷன் மறுபடி வெட்டப்பட்டு, குழுவின் சுழல்நிதி சாப்பாட்டுக்கே செலவாகிவிட்டால், அதைத் தோல்வி என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். அந்த நிதி அந்த மாதம் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது, அடுத்த ஆண்டுத் தொகையால் மறுபடி நிரப்பலாம்.

நீண்ட மழைக்காலம் அங்கே மார்ச் கடைசியில் தொடங்கி மே வரை. பாத்தியும் வேலியும் அதற்குள் தயாராக இருக்க வேண்டும் என்பதால், தோட்டத்துக்கான பணம் மட்டுமாவது ஜனவரிக்குள் போய்ச் சேரும்படி பாருங்கள்.